கல் நட்ட காடும் நம் நாவல்களும்

தமிழ் நாவல்களில் நிலம் நிறைய வருகிறது. நிலத்தின் விலை அவ்வளவாக வருவதில்லை. உழுவதும் விதைப்பதும் மழைக்குக் காத்திருப்பதும் பங்கு பிரிப்பதும் வரப்புச் சண்டையும் நம் கதாசிரியர்களுக்குக் கைவந்த விஷயங்கள். ஆனால் ஓர் ஏக்கர் என்ன விலைக்குப் போயிற்று, வாங்கியவர் எந்தப் பணத்தைக் கொண்டு வாங்கினார், வாங்கிய பின் அது என்ன ஆயிற்று என்று கேட்டால், கதை சற்றே கூச்சப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. பணக் கணக்கு எழுதுவது கணக்குப்பிள்ளையின் வேலை, கலைஞனின் வேலை அன்று என்ற எண்ணம் நமக்குள் எப்படியோ வேரோடியிருக்கிறது. கொங்கு நாட்டில் கடந்த இருபது வருஷங்களாக நடந்ததைக் கூட இருந்து பார்த்தவனுக்கு இந்தக் கூச்சம் பெரிய குறையாகப் படுகிறது. அந்தக் குறையைப் பற்றித்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

கொங்கு நாட்டு நாவல் என்றால் ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’தான் முதலில் நினைவுக்கு வரவேண்டும். 1942-ல் வெளிவந்த சிறிய நாவல். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனுடைய குடும்பத்தோடு ஒன்றாக இருக்கிறாள். தனக்கும் தன் பெண்ணுக்கும் சேரவேண்டிய நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அவளுக்குப் பின்னால் கெட்டியப்பன் நிற்கிறான். முடிவில் சின்னப்பன் கொலையுண்டு விழுகிறான். ஆசிரியர் யாருக்காகவும் வக்காலத்து வாங்கவில்லை. யாரையும் வில்லனாக்கவும் இல்லை. கிராமத்து நாலு பேர் பேசுவதைப் பேசவிட்டு, அந்தப் பேச்சிலேயே கொலையை விளையவைத்துவிடுகிறார். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நாவல் பழசாகாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாகம்மாள் கேட்பது உழுது பிழைப்பதற்கான நிலம். தனியாக நின்று தலை நிமிர்ந்து வாழ்வதற்கான பிடிமானம். அதை விற்றால் என்ன கிடைக்கும் என்ற எண்ணம் கதையை நடத்தவில்லை. பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளாகத்தான் நிலம் அங்கே இருக்கிறது. 1942-ல் அது உண்மை. ஷண்முகசுந்தரம் தம் காலத்து உண்மையைத் தப்பில்லாமல் எழுதினார்.

அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 1991-ல், பெருமாள்முருகனின் முதல் நாவல் ‘ஏறுவெயில்’ வந்தது. இங்கே நிலம் வீட்டுக் காலனிக்காக எடுக்கப்படுகிறது. செல்வன் என்ற பையனின் கண் வழியாக, காட்டை நம்பியிருந்த ஒரு குடும்பம் நகரத்தின் ஓரத்தில் வந்து விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறுவதைப் பார்க்கிறோம். பயிர் விளைந்த மண்ணில் வீடு முளைப்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நாவல்களில் இதற்கு முக்கியமான இடம் உண்டு என்பது என் அபிப்பிராயம். ‘நாகம்மா’ளில் ஆள் சாகிறான், நிலம் இருக்கிறது. ‘ஏறுவெயி’லில் ஆட்கள் இருக்கிறார்கள், நிலம் போய்விடுகிறது. எது பெரிய சாவு என்று வாசகன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அவரே 2012-ல் ‘ஆளண்டாப் பட்சி’ எழுதினார். பாகப் பிரிவினையில் வஞ்சிக்கப்பட்ட கடைசித் தம்பி முத்து, குப்பன் என்ற பண்ணையாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மாட்டு வண்டி கட்டிப் புதிய மண் தேடிப் புறப்படுகிறான். நிலம் வாங்கப் போகிறவனைக் கதாநாயகனாக்கிய நாவல் இது. ஆனாலும் முத்து தேடுவது உழுவதற்கு ஒரு காடு. அந்த நாவல் அச்சான அதே சமயத்தில் கோயமுத்தூரைச் சுற்றிலும் ஜனங்கள் நிலம் தேடி அலைந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் உழ நினைத்தவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். முத்து போனது மாட்டு வண்டியில். இவர்கள் போனது புரமோட்டர் அனுப்பிய வேனில்.

அந்த வேன் பயணத்தை எழுதியவர் யார்? நான் படித்த வரையில் ஒருவரும் இல்லை. சிறுகதைகளில் அங்கங்கே ஒரு புரோக்கர் தலைகாட்டிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான்.

நடந்தது என்ன என்பதை வாசகர்களுக்கு நான் விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. பலர் அதில் பங்கெடுத்துக்கொண்டவர்கள். சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. 2010 ஜூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதையொட்டி ரோடுகள் புதுக்கோலம் கொண்டன. விளாங்குறிச்சியில் டைடல் பார்க் எழுந்தது. இன்னொரு பக்கம், தோட்டங்களில் கிணறு வற்றி, போர் ஆயிரம் அடிக்குப் போயும் புகைந்தது. பண்ணையத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆட்களெல்லாம் மில்லுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். விற்பதற்குக் காரணம் இருந்தது, வாங்குவதற்கு ஆசை இருந்தது. நடுவில் இருந்தவர்கள் காட்டை வாங்கி, கிளுவை வேலியைப் பிடுங்கி, இட்டேரியை மூடி, செம்மண் ரோடு போட்டு, வெள்ளையடித்த கல் நட்டார்கள். முகப்பில் ஒரு வளைவு. அதில் ‘நகர்’ என்றோ ‘கார்டன்’ என்றோ முடியும் ஒரு பெயர். ஏக்கர் கணக்கில் பேசிய ஊர் சென்ட் கணக்கில் பேசத் தொடங்கியது. காடு போய் ‘சைட்’ வந்தது.

சைட் வாங்கியவர்கள் யார்? பெரிய முதலாளிகள் மட்டும் அல்லர். மூடிய மில்லில் விருப்ப ஓய்வுப் பணம் வாங்கிக்கொண்டு வெளியே வந்த தொழிலாளி. ரிடையர் ஆகப்போகும் பள்ளிக்கூட வாத்தியார். நாலு தறி போட்ட சிறு முதலாளி. பட்டறைக்காரர். பெண்ணுக்குக் கல்யாண வயது வருவதற்குள் ‘இரட்டிப்பாகிவிடும்’ என்று நகையை அடகு வைத்தவர். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் ஒன்றைக் காட்டி ‘அப்ரூவல் ஆச்சு’ என்றார்கள். லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லை என்பதும், நகர் ஊரமைப்புத் துறை என்று ஒன்று இருக்கிறது என்பதும் வாங்கியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ‘எல்லாரும் வாங்கறாங்க’ என்று வாங்கினார்கள்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அடி விழுந்தது. 2008-ல் தொடங்கிய மின்வெட்டு வருஷத்துக்கு வருஷம் முற்றி, பம்ப்செட் பட்டறைகளையும் வார்ப்படச் சாலைகளையும் உட்காரவைத்தது. 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவின் பேரில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. பெருந்துறைப் பக்கத்தில் ஈமு கோழியை நம்பிப் பணம் போட்டவர்கள் தலையில் கைவைத்தது 2012-ல். அதே வருஷம் ஏப்ரலில் அரசாங்கம் நிலத்தின் வழிகாட்டி மதிப்பை ஒரேயடியாக உயர்த்தியது. 2016 செப்டம்பர் 9-ந் தேதி, அனுமதியில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை ஐகோர்ட் இடைக்காலத் தடை விதித்தது. இரண்டு மாதம் ஆவதற்குள், நவம்பர் 8-ந் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ரொக்கத்தில் நடந்த வியாபாரம் நின்றுபோயிற்று. மறுவருஷம் மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டி மனையைச் சரிசெய்துகொள்ளலாம் என்றார்கள். கட்டுவதற்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கையிலிருந்ததை ஏற்கெனவே மண்ணில் போட்டவர்கள்.

இவ்வளவும் சரித்திரம். இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். கதை இருப்பது விலையில்.

அமெரிக்காவில் வீட்டு விலை 2006-ல் உச்சிக்கு ஏறி, பிறகு நாலில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அயர்லாந்தில் 2007-க்குப் பிறகு ஏறக்குறைய பாதியாகப் போயிற்று. அங்கெல்லாம் விலை இறங்கியது என்பது நிரூபணமான செய்தி. பாங்கு கடன் கொடுத்திருந்தது, தவணை நின்றதும் வீட்டை எடுத்துக்கொண்டது, ஏலம் போட்டது, ஏலத்தில் வந்த தொகை பதிவாயிற்று. எவ்வளவு இறங்கியது என்று எவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

நம் பக்கத்தில் அப்படி இல்லை. இங்கே விலை இறங்கவே இல்லை. விற்கவில்லை, அவ்வளவுதான். அனுமதியில்லாத சைட்டுக்குப் பாங்கு கடன் கொடுப்பதில்லை. ஆகையால் வாங்கியவர் போட்டது சொந்தப் பணம், சீட்டுப் பணம், மாமனார் பணம், மனைவி கழுத்திலிருந்து இறங்கிய பணம். எந்தப் பாங்கும் வந்து கதவைத் தட்டி ‘விற்றுக் கொடு’ என்று கேட்கவில்லை. யாரும் கேட்காததால் யாரும் விற்கவில்லை. விற்காததால் புதிய விலை ஒன்று பிறக்கவில்லை. பழைய விலையே, செத்துப்போன பிறகும் ரேஷன் கார்டில் நீங்காத பெயரைப்போல, புழக்கத்தில் இருந்தது.

கொங்குத் தமிழில் இதற்கென்றே ஒரு வாக்கியம் உண்டு. ‘சென்ட் நாலுன்னு கேட்டாங்க, குடுக்கலீங்க.’ கேட்டவர் யார், எந்த வருஷம் கேட்டார், அட்வான்ஸ் கொடுத்தாரா என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் கிடையாது. 2011-ல் யாரோ ஒருவர் டீக்கடையில் நின்று கேட்டுவிட்டுப் போன விலை, 2017-லும் அந்தக் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. அதை வைத்துத்தான் பெண் வீட்டார் சீர் பேசினார்கள், மாப்பிள்ளை வீட்டார் ‘இவ்வளவு இருக்கிற இடம்’ என்று சம்மதித்தார்கள். எவனும் கொடுக்காத ஒரு தொகையின் மேல் இரண்டு குடும்பங்களின் சம்பந்தம் நின்றது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்காகத்தான் சொல்கிறேன். ஒருவர் 2011-ல் சென்ட் நாலு லட்சம் கொடுத்து வாங்கினார். பத்து வட்டிக்குப் புரட்டிய பணம். ஆறு வருஷம் கழித்து அதே நாலு லட்சத்துக்கு விற்றால், ‘போட்ட பணம் வந்துவிட்டது’ என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வட்டிக்கு வட்டி சேர்த்தால் அந்த நாலு லட்சம் ஏழு லட்சத்தைத் தாண்டியிருக்கும். மூன்று லட்சம் போனது எங்கே? அதை எந்தத் திருடனும் எடுக்கவில்லை. சத்தம் போடாமல் கரைந்திருக்கிறது. இப்படிக் கரைந்ததை நஷ்டம் என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதற்காக மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள்தான் நாவலுக்கு உரிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்பது நம் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த ரகசியம். முத்திரைத்தாள் செலவு மிச்சம் என்று வழிகாட்டி மதிப்புக்கு எழுதிவிட்டு மீதியை மஞ்சள் பையில் கொடுத்தார்கள். 2012-ல் மதிப்பு உயர்ந்த பிறகு பல இடங்களில் கதை தலைகீழாயிற்று. சந்தையில் கிடைக்கும் விலையைவிட அரசாங்கம் போட்ட விலை கூடிப்போய், வாங்காத பணத்துக்குப் பத்திரம் எழுத வேண்டியதாயிற்று. 2017 ஜூன் மாதம் அரசாங்கமே வழிகாட்டி மதிப்பை 33 சதவிகிதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை ஒரு சதவிகிதத்திலிருந்து நாலாக ஏற்றிக்கொண்டது. ‘கேட்டாங்க, குடுக்கல’ என்று நாடு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றில் ஒரு பங்கு இறக்கி எழுதியது அரசாங்கம் ஒன்றுதான். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பவும் ஏற்றி, பதிவுக் கட்டணத்தை இரண்டு சதவிகிதமாகக் குறைத்தார்கள்.

ஆக, கொங்கு நாட்டு நிலத்தின் உண்மை விலை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பத்திரத்தில் இல்லை. சார்பதிவாளர் ஆபீஸ் ரிஜிஸ்தரில் இல்லை. பத்திரிகையில் விளம்பரம்தான் இருந்தது. ஊர்ப்பேச்சில் இருந்ததோ பழைய விலை. உண்மை விலை தெரிந்தது, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பேசிக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும்.

‘ஏனுங்க, அந்தச் சைட்டை வந்த விலைக்குத் தள்ளிட்டா என்னுங்க?’

‘சும்மா இரு. அக்கம்பக்கத்துல காதுல உழுந்தா நம்மளைப் பாத்து எல்லாரும் வித்துப்போடுவாங்க.’

இந்த இரண்டு வரியில் ஒரு பொருளாதார சாஸ்திரம் இருக்கிறது. அதைக் காட்டிலும் பெரிதாக, ஒரு நாவல் இருக்கிறது. வேறு எந்த ஏட்டிலும் இல்லாத உண்மையை வைத்துக் காப்பாற்றக்கூடிய இடம் நாவல் ஒன்றுதான் என்றால், அதை எழுதாமல் விடுவது எழுத்தாளனின் சௌகரியத்தைப் பொறுத்த விஷயம் ஆகாது.

சினிமாக்காரர்கள் நம்மைவிடத் தைரியசாலிகளாக இருந்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். 1988-ல் பாலு மகேந்திரா எடுத்த ‘வீடு’, நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வீடு கட்ட முனைந்து படும் பாட்டைச் செங்கல் செங்கலாகக் காட்டியது. கடன், கையூட்டு, காண்ட்ராக்டர், சிமெண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருந்தது. கணக்கு இருந்ததால் கலை குறைந்துவிடவில்லை, கூடித்தான் இருந்தது. செழியனின் ‘டுலெட்’, 2007-ல் கம்ப்யூட்டர் சம்பளக்காரர்களால் சென்னையில் வாடகை ஏறிப்போன சமயத்தில் வீடு தேடி அலையும் ஒரு சிறு குடும்பத்தின் கதை. இரண்டும் நல்ல படங்கள். ஆயினும் இரண்டும் சென்னைக் கதைகள். இரண்டும் வீடு இல்லாதவர்களின் கதைகள். கையில் பத்திரம் இருக்கிறது, கல் நட்ட இடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை என்பவனுடைய கதை இன்னும் பாக்கி.

அயர்லாந்தில் அந்தக் கதையை ஒருவர் எழுதிவிட்டார். டோனல் ரயன் என்பவர். ‘தி ஸ்பின்னிங் ஹார்ட்’ என்ற அவருடைய நாவல் 2012-ல் வந்தது. விலை சரிந்து, கட்டடத் தொழில் நின்றுபோன ஒரு சிற்றூர். போக்கி பர்க் என்ற கட்டடக் காண்ட்ராக்டர் வேலையாட்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடிவிட்டான். அவர்கள் பெயரில் அவன் கட்டியிருக்கவேண்டிய இன்ஷூரன்ஸ் பணத்தையும் கட்டவில்லை என்பது பிறகு தெரிகிறது. அவனிடம் மேஸ்திரியாக இருந்த பாபி மஹன், ஊரார் மதிக்கும் நல்ல மனிதன், வேலையில்லாமல் நிற்கிறான். அரைகுறையாகக் கட்டிய காலனியில் ஒன்றிரண்டு வீடுகளில்தான் ஆள் இருக்கிறது. அங்கே ஓர் இளம் தாய் குழந்தையோடு தனியாக இருக்கிறாள். இருபத்தொரு பேர் ஆளுக்கு ஓர் அத்தியாயம் பேசுகிறார்கள். அவ்வளவுதான் நாவல்.

இந்த அமைப்பைக் கவனித்தால் ஆசிரியரின் சாமர்த்தியம் விளங்கும். ஒருவர் கதையை ஆரம்பமுதல் முடிவுவரை சொல்லியிருந்தால், அது ஒரு மனிதனின் துரதிர்ஷ்டமாகச் சுருங்கியிருக்கும். ஊர் முழுவதும் தனித்தனியாகப் பேசும்போதுதான், எல்லாருக்கும் ஒரே அடி விழுந்திருக்கிறது என்பதும், ஆனால் ஒருவர் மற்றவரிடம் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதும் வாசகனுக்குத் தெரிகிறது. அந்த நாவலிலும் ஒரு கொலை நடக்கிறது. ‘நாகம்மாள்’ நினைவு வராமல் போகாது. மண்ணோடு ஒட்டிப் பிறந்தவர்களுக்கு மண் பொய்த்துப்போனால், கோபம் பக்கத்தில் இருப்பவன் மேல்தான் பாயும் போலிருக்கிறது.

அயர்லாந்துக்காரன் எழுதினான், ஆகவே நாமும் அப்படியே எழுதவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே சரிவு வெளிப்படையாக நடந்தது, பாங்கு திவாலாயிற்று, ஊரே பேசியது. நமக்கு நடந்தது வேறு. இங்கே வீழ்ந்தவனுக்கே வீழ்ந்தது தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டான். இருபத்தொரு பேர் வாய்திறக்கும் உத்தி நமக்குப் பொருந்தாமல் போகலாம். நம் நாவலில் இருபத்தொரு பேரும் ‘கேட்டாங்க, குடுக்கல’ என்ற ஒரே பொய்யைச் சொல்லவேண்டியிருக்கும். அந்தப் பொய்க்குப் பின்னால் இருப்பதை வாசகன் ஊகிக்கும்படி எழுதுவதற்கு ஷண்முகசுந்தரத்தின் கை வேண்டும். பாத்திரங்களைப் பேசவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கும் அந்தக் கலை நம் மண்ணில் பிறந்ததுதான். அதை விட்டுவிட்டு வேறெங்கும் போய்த் தேடவேண்டியதில்லை.

பாத்திரங்களுக்கும் பஞ்சமில்லை. புரோக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சினிமாவில் அவர் சிரிப்புக்கு வந்து போகிறவர். அமெரிக்காவில் சிங்க்ளேர் லூயிஸ் என்பவர் 1922-லேயே ஒரு வீட்டு வியாபாரத் தரகனைக் கதாநாயகனாக்கி ‘பாபிட்’ என்ற நாவலை எழுதிவிட்டார். நம் புரோக்கர் பாபிட்டைப்போல டவுனில் ஆபீஸ் வைத்து உட்கார்ந்தவரும் அல்லர். கிணறு வற்றிய பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறிய குடியானவர். நேற்றுவரை எருமை கறந்தவர். அவர் நிலத்தை விற்றுக் கொடுத்தது பங்காளிகளுக்கு; வாங்கிக் கொடுத்தது மாமன் மச்சானுக்கு. கமிஷனை எண்ணி வாங்கிய கையாலேயே தானும் இரண்டு சைட் வாங்கிப் போட்டவர். விலை நின்றபோது ஊரில் எந்தக் கல்யாணத்துக்கு அவர் தைரியமாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்க முடியும்? இந்த ஒரு கேள்வியே முந்நூறு பக்கத்துக்கு வரும்.

கூடப் பிறந்தவளை எடுத்துக்கொள்ளுங்கள். பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். தேசம் முழுவதற்கும் வந்தது 2005-ல். காடு காடாக இருந்தவரை, சீர் செய்தாயிற்று என்று வாயைத் திறக்காமல் இருந்தவள், அங்கே வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் கேட்டாள். அண்ணன்மார் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க அலைந்தார்கள். சிலர் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். பிறந்த வீட்டு வாசலை மிதிக்காதவர்கள் உண்டு. பிறகு விலையும் நின்றுவிட்டது. வழக்கு மட்டும் நடந்தது. நாகம்மாள் ஒருத்தி கேட்டதற்கு ஒரு கொலை விழுந்தது என்றால், விலை ஏறிய காலம் வீட்டுக்கு வீடு ஒரு நாகம்மாளை உண்டாக்கிவிட்டுப் போயிற்று. நாகம்மாள் கேட்டது உழுது தின்ன மண். இவள் கேட்டதும் நியாயமான பங்குதான்; ஆனால் எவரும் கண்ணால் காணாத விலையில் பங்கு. அந்த வித்தியாசத்தை எழுத இன்னொரு ‘நாகம்மாள்’ வேண்டும்.

இதற்கெல்லாம் ஓர் ஆட்சேபம் உண்டு. இலக்கியம் செய்தித்தாள் அன்று. நேற்றைய மார்க்கெட் நிலவரத்தை எழுதினால் நாளைக்கு யார் படிப்பார்கள் என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். விலையேற்றத்தையும் சட்டத்தையும் தேதிவாரியாக அடுக்கி, நடுநடுவே ஒரு காதலைச் செருகினால் அது நாவல் ஆகாது. ஆனால் விலை என்பது எண் மட்டும் அன்று. ஒருவன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பு அதில் இருக்கிறது. ‘நமக்கு அங்கே அஞ்சு சென்ட் இருக்குது’ என்று சொல்லும்போது நிமிரும் முதுகு இருக்கிறதே, அது மார்க்கெட் நிலவரத்தில் சேராது. அந்த முதுகு எந்த நாளில், எந்தப் பேச்சின் நடுவில் வளைந்தது என்று காட்டுவது நாவலாசிரியன் வேலை. அப்படி எழுதினால் நூறு வருஷம் கழித்துச் சென்ட் என்ற அளவே மறந்துபோன பிறகும் படிப்பார்கள்.

இன்னோர் ஆட்சேபம் இதைவிடச் சூட்சுமமானது. நிலத்தை இழந்த குடியானவன் மேல் இரக்கம் வருகிறது. லாபம் பார்க்கச் சைட் வாங்கி மாட்டிக்கொண்ட வாத்தியார்மேல் எப்படி இரக்கம் வரும் என்பது அது. பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமே! நம் எழுத்தாளர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அவர்கள் இந்த விஷயத்தைத் தொடாததற்கு உண்மைக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்கு ஏமாந்தவனைப் பிடிக்கும், ஏமாற்றியவனைத் திட்டத் தெரியும். கொஞ்சம் ஆசைப்பட்டு, கொஞ்சம் ஏமாந்து, தன் நஷ்டத்தை இன்னொருவன் தலையில் கட்ட முடியுமா என்று பார்த்து, அதுவும் முடியாமல் உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் நடுத்தர வர்க்கத்து மனிதன் பெரும்பாலும் அவன்தான். நம் நாவல்களைக் காசு கொடுத்து வாங்குகிறவனும் அவன்தான். அவனுக்கு அவனைக் காட்டாமல், அவன் பாட்டன் உழுத காட்டையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தால், அது அவனுக்கு இதமாக இருக்கும், உபயோகமாக இருக்காது.

‘வீடு’ படத்தில் சுதா தன் கடன் கணக்கைக் கூட்டிப் பார்க்கும்போது நாம் அவளை விட்டு விலகுவதில்லை. சைட் வாங்கிய வாத்தியாரின் கணக்கையும் அதே பொறுமையோடு யாராவது கூட்டிக் காட்டினால், அவரையும் விட்டு விலகமாட்டோம். பேராசை என்ற ஒரு சொல்லில் அடைத்து மூடியது திறந்துகொள்ளும். பெண்ணின் கல்யாணம், பென்ஷன் இல்லாத முதுமை, தம்பி முந்திவிட்டான் என்ற குறுகுறுப்பு, வாடகை வீட்டில் பட்ட அவமானம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றில் பேராசை எத்தனை பங்கு, பயம் எத்தனை பங்கு என்று வாசகனே பிரித்துப் பார்த்துக்கொள்வான்.

இப்போது கோவையைச் சுற்றிச் சில திக்குகளில் மறுபடியும் விலை பேசுகிறார்கள். மறுபடியும் வேன் புறப்படுகிறது. முதல் தடவை என்ன நடந்தது என்பதற்கு நம்மிடம் கோர்ட் உத்தரவு இருக்கிறது, அரசாணை இருக்கிறது. ஒரு நாவல் இல்லை. எத்தனையோ வீடுகளில் பீரோவின் உள்ளறையில், நகைப்பெட்டி இருந்த இடத்தில், நாலாக மடித்த ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் தொகை நிஜம் அல்ல என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். அவர்கள் தாமாக வந்து யாரிடமும் சொல்லப்போவதில்லை. அருகில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்க ஒரு நாவலாசிரியன் வேண்டும்.